க்ரூனர்களின் டிவி ஸ்பெஷல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்க டிவியில் பிங் க்ராஸ்பி, ஃப்ராங்க் சினாட்ரா, பெர்ரி கோமோ, டீன் மார்ட்டின் போன்றவர்கள் நடத்திய பாட்டு நிகழ்ச்சிகளின் துண்டுகள் யூடியூபில் நிறையவே கிடக்கின்றன. அதில் ஒன்றை நண்பர்கள் குழுவில் போட்டால் போதும், வழக்கமான கேள்விகள் வரிசையாக வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

க்ரூனர்னா யாரு? மெதுவாப் பாடுறவங்க எல்லாருமே க்ரூனரா?

மைக்கை நம்பிப் பாடியவர்கள் என்று சொன்னால் பாதி விஷயம் வந்துவிடும். மின்சார மைக் வருவதற்கு முன் மேடைப் பாடகர் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி தொண்டையைத் திறந்து பாட வேண்டியிருந்தது. ரூடி வாலி போன்ற மெல்லிய குரல்காரர்கள் கையில் மெகாஃபோனைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். 1920களில் மைக்கும் வானொலியும் வந்த பின் அந்தக் கட்டாயம் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலிலேயே பாடலாம். மூச்சு விடுவதுகூடக் கேட்கும். இதை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர் க்ராஸ்பி. சினாட்ரா, கோமோ, நாட் கிங் கோல், மார்ட்டின், ஆண்டி வில்லியம்ஸ் எல்லாரும் அவர் போட்ட பாதையில் வந்தவர்கள்.

நம் பக்கம் பார்த்தால், மைக் இல்லாத நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா பாடியதற்கும் பின்னாளில் ரெக்கார்டிங் தியேட்டரில் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடியதற்கும் உள்ள தூரம்தான் அது. வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சினாட்ரா துள்ளலான ஸ்விங் பாட்டும் பாடுவார், அப்போதும் கத்த மாட்டார்.

வெரைட்டி ஷோவும் ஸ்பெஷலும் ஒண்ணுதானே?

சரக்கு ஒன்று, பொட்டலம் வேறு. வெரைட்டி ஷோ வாரா வாரம் வரும். கோமோ, வில்லியம்ஸ், மார்ட்டின் மூவரும் அப்படி வருடக் கணக்கில் நடத்தினார்கள். ஸ்பெஷல் என்பது வழக்கமான நிகழ்ச்சியை அன்று ஒரு நாள் ஓரங்கட்டிவிட்டு வருவது, பெரும்பாலும் ஒரு மணி நேரம். 1954 வாக்கில், அமெரிக்காவின் பெரிய டிவி நெட்வொர்க்குகளில் ஒன்றான என்பிசியை (சிபிஎஸ், ஏபிசி அதன் போட்டியாளர்கள்) நடத்திய பாட் வீவர் இதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார். அவர் அதற்கு வைத்த பெயர் 'ஸ்பெக்டாகுலர்'.

இரண்டிலும் சாப்பாடு ஏறக்குறைய அதேதான்: தொடக்கப் பாட்டு, ஒரு விருந்தாளி, அவரோடு கொஞ்சம் அரட்டை, சேர்ந்து ஒரு பாட்டு, நடுவில் ஒரு காமெடி, நாலைந்து பழைய பாட்டுகளை ஒட்டிய மெட்லி, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து ஓர் அமைதியான பாட்டு. காமெடிப் பகுதிகள் இன்று பெரும்பாலும் தாங்காது. தள்ளிவிட்டுப் பார்க்கலாம், பாவமில்லை.

இதெல்லாம் அப்போ நம்ம ஊர்ல வந்துச்சா?

இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975ல்தான் தொடங்கியது, இலங்கையில் 1979. இந்த நிகழ்ச்சிகளின் நல்ல காலம் அதற்குள் முடிந்துவிட்டது. இவர்களின் குரல் நம் ஊர்களுக்கு வந்தது இசைத்தட்டு, வானொலி, சினிமா வழியாக.

நிகழ்ச்சி பேர்லயே ஏன் சிகரெட், சீஸ் கம்பெனி பேரெல்லாம் இருக்கு?

காசு போட்டவர் பெயர் அது. அன்றைய ஏற்பாட்டில் ஒரு கம்பெனி முழு நிகழ்ச்சியையும் வாங்கிவிடும். கோமோ 'செஸ்டர்ஃபீல்ட் சப்பர் கிளப்' என்று சிகரெட் பெயரில் வானொலியில் தொடங்கி, 1948ல் அதோடு டிவிக்கு வந்தார். 'கிராஃப்ட் மியூசிக் ஹால்' சீஸ் கம்பெனியின் நிகழ்ச்சி. 1936 முதல் 1946 வரை வானொலியில் அதை நடத்தியவர் க்ராஸ்பி, 1959 முதல் டிவியில் நடத்தியவர் கோமோ. சினாட்ராவின் 1959-60 ஸ்பெஷல்களுக்குப் பின்னால் இருந்தது டைமெக்ஸ் கைக்கடிகாரம். எல்விஸ் பிரஸ்லியின் 1968 ஸ்பெஷலுக்கு, நம் வீடுகளில் பாட்டி மிதித்த அதே சிங்கர் தையல் மெஷின்.

இதை வெறும் விளம்பரம் என்று கடந்துவிட வேண்டாம். யார் வரலாம், யார் பக்கத்தில் யார் நிற்கலாம் என்பது வரை இந்தக் கம்பெனிகளின் கை நீண்டது. கீழே நாட் கிங் கோல், பெட்டுலா கிளார்க் பற்றிய கேள்விகளில் அது வரும்.

இதெல்லாம் லைவா, ரெக்கார்டிங்கா? சில வீடியோ ஏன் புகை மூட்டமா இருக்கு?

1956 வரை டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய இரண்டே வழி. ஒன்று, சினிமா மாதிரி ஃபிலிமில் எடுப்பது. மற்றது கினஸ்கோப், அதாவது லைவாக ஓடும் நிகழ்ச்சியை மானிட்டர் திரையிலிருந்து ஃபிலிம் கேமராவால் படம் பிடிப்பது. திரையைப் படம் பிடித்தால் எப்படி இருக்கும்? நீங்கள் சொல்லும் புகை மூட்டம் அதுதான். 1956 ஏப்ரலில் ஆம்பெக்ஸ் கம்பெனி 2 அங்குல அகல வீடியோ டேப் கருவியைக் காட்டியது. நவம்பர் 30 அன்று சிபிஎஸ் அதை முதன்முதலாக ஒளிபரப்பில் பயன்படுத்தியது, ஒரு செய்தி நிகழ்ச்சிக்கு.

அடுத்த ஆண்டு அக்டோபர் 13ல் வந்தது 'எட்செல் ஷோ'. ஃபோர்டு கம்பெனி தன் புதிய எட்செல் காருக்காக க்ராஸ்பி, சினாட்ரா, ரோஸ்மேரி க்ளூனி, லூயி ஆம்ஸ்ட்ராங் நால்வரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. கிழக்குக் கரைக்கு லைவ், மேற்குக் கரைக்கு சில மணி நேரம் கழித்து டேப்பிலிருந்து. அந்த டேப் பிழைத்திருக்கிறது. இன்று கிடைக்கும் மிகப் பழைய டேப் பதிவுகளில் ஒன்று அது. கார்தான் பிழைக்கவில்லை, 1959லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

பளிச்சுன்னு கலர்ல க்ராஸ்பியும் சினாட்ராவும் கிறிஸ்துமஸ் பாட்டு பாடுறாங்களே, 1957ன்னு போட்டிருக்கு. பொய்யா?

பொய் இல்லை. அது சினாட்ராவின் ஏபிசி தொடரில் 1957 டிசம்பர் 20 அன்று வந்த பகுதி, இயக்கியதும் சினாட்ராவே. மேலே சொன்ன ஃபிலிம் வழியில், கலர் ஃபிலிமில் எடுத்தார்கள். அன்று ஒளிபரப்பானது கறுப்பு வெள்ளையில்தான். கலரில் பார்க்கும் பாக்கியம் பிற்காலத்தில் டிவிடி வாங்கியவர்களுக்கே கிடைத்தது.

டேப் வந்ததுக்கே க்ராஸ்பிதான் காரணம்னு சொல்றாங்க, நிஜமா?

அவர் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் காசும் அவசரமும் அவருடையவை. 1940களில் பெரிய வானொலி நிகழ்ச்சிகள் லைவாகவே நடக்க வேண்டும் என்பது நெட்வொர்க்குகளின் பிடிவாதம். க்ராஸ்பிக்கோ தனக்கு வசதியான நேரத்தில் பதிவு செய்துவிட்டு கோல்ஃப் ஆடப் போக வேண்டும். 1946ல் ஃபில்கோ கம்பெனிக்காக இசைத்தட்டில் பதிவு செய்து பார்த்தார், ஒலித் தரம் கெட்டது. அப்போது ஜாக் முல்லின் என்ற பொறியாளர், போர் முடிந்து ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த மேக்னடோஃபோன் என்ற டேப் பதிவுக் கருவிகளைச் சரிசெய்து வைத்திருந்தார். 1947ல் அதைக் கேட்ட க்ராஸ்பி உடனே பிடித்துக்கொண்டார். சின்னக் கம்பெனியாக இருந்த ஆம்பெக்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார். அமெரிக்க வானொலி டேப்புக்கு மாறியது அதிலிருந்துதான்.

க்ராஸ்பியின் சொந்த நிறுவனமும் முல்லினை வைத்து 1951ல் வீடியோ டேப்பைச் செய்து காட்டியது. படம் தேறவில்லை. கடைசியில் அவர் முதல் போட்ட ஆம்பெக்ஸே ஜெயித்தது. இனி யாராவது க்ராஸ்பியைச் சோம்பேறி என்று சொன்னால், அந்தச் சோம்பலுக்கு நாம் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

பெர்ரி கோமோ பாடும்போது தூங்கிடுவார் போல இருக்காரே?

அவர் காலத்திலேயே எல்லாரும் அடித்த ஜோக் இது. கனடாவின் எஸ்சிடிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் யூஜீன் லெவி கோமோவாக வந்து, படுத்துக்கொண்டே பாடினார். ஆனால் கோமோவைக் குறைத்து எடை போட வேண்டாம். பென்சில்வேனியாவில் முடிதிருத்தும் கடை நடத்திக்கொண்டிருந்தவர், 1955ல் என்பிசியில் சனிக்கிழமை இரவு நகைச்சுவை நட்சத்திரம் ஜாக்கி கிளீசனுக்கு எதிராக இறங்கி, அவரைப் பார்வையாளர் எண்ணிக்கையில் முந்தினார். 1959ல் கிராஃப்ட் அவரோடு போட்ட 2 ஆண்டு ஒப்பந்தத்தை 2.5 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்டூலில் சாய்ந்து நிற்கும் அந்தத் தோரணையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வரியின் கடைசிச் சொல்லில் குரல் இறங்கும், ஆனால் சுருதி ஒரு மயிரிழை நகராது. மூச்சு எடுக்கிற இடம் தெரியாது. லைவில், திரும்ப எடுக்க வழியில்லாத நேரத்தில் அப்படி நிற்பதற்கு நிறையப் பயிற்சி வேண்டும்.

டீன் மார்ட்டின் நிஜமாவே தண்ணி போட்டுட்டுத்தான் வருவாரா?

மேடையில் கையில் இருந்தது பெரும்பாலும் ஆப்பிள் ஜூஸ் என்றுதான் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். நகைச்சுவை ஜோடியாக இருந்த ஜெர்ரி லூயிஸை 1956ல் பிரிந்த பிறகு தனக்கென்று ஒரு வேஷம் தேவைப்பட்டது. அவர் எடுத்துக்கொண்டது குடிகார வேஷம், அது நன்றாக ஓடியது.

ஆனால் வரிகளைத் தடுமாறுவதும் கார்டைப் பார்த்துப் படிப்பதும் நடிப்பு இல்லை. 1965 முதல் 1974 வரை ஓடிய அந்த ஷோவுக்கு அவர் ஒத்திகைக்கு வரவே மாட்டார். ஒத்திகையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாட்டுகளை டேப்பில் போட்டு அவருக்குக் கொடுத்துவிடுவார்கள், காரில் போகும்போது கேட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வந்து பதிவை முடித்துவிட்டுப் போய்விடுவார். தயாரிப்பாளர் கிரெக் கேரிசன் இந்தக் குறையையே நிகழ்ச்சியின் சுவையாக்கினார். பியானோக்காரர் கென் லேனோடு பேசும்போதும், அலமாரிக் கதவைத் தட்டிக்கொண்டு எதிர்பாராத விருந்தாளி வந்து நிற்கும்போதும் மார்ட்டின் சிரிப்பது அசல் சிரிப்பு. தப்பை வெட்டாமல் விட்டார்கள். கோமோவின் அலட்சியம் பழகி வந்தது, மார்ட்டினுடையது பழகாமல் வந்தது. எனக்கு இரண்டாவதைப் பார்க்கத்தான் பிடிக்கும், கேட்க முதலாவது.

நாட் கிங் கோல் அவ்வளவு பெரிய ஆள், அவர் ஷோ ஏன் ஒரே வருஷத்துல நின்னு போச்சு?

ஒரு தேசிய விளம்பரதாரர்கூட வரவில்லை, அதனால். என்பிசியில் 1956 நவம்பர் 5ல் 15 நிமிட நிகழ்ச்சியாகத் தொடங்கி, 1957 ஜூலையில் அரை மணி நேரமாக வளர்ந்து, அதே டிசம்பரில் முடிந்தது. 1950லேயே டுமாண்ட் நெட்வொர்க்கில் ஹேசல் ஸ்காட் என்ற கறுப்பினக் கலைஞர் சொந்தப் பெயரில் நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார். ஆனால் கோல் அளவுக்கு நாடறிந்த கறுப்பின நட்சத்திரம் பெரிய நெட்வொர்க்கில் வாரா வாரம் வந்தது புதிது. தென் மாநிலங்களில் தங்கள் சரக்கு புறக்கணிக்கப்படும் என்று கம்பெனிகள் பயந்தன. 1956 ஏப்ரலில்தான் அலபாமாவின் பர்மிங்ஹாமில், பாடிக்கொண்டிருந்த கோலை வெள்ளை இனவெறியர்கள் மேடையேறித் தாக்கியிருந்தார்கள்.

என்பிசி நஷ்டத்தில் கொஞ்ச காலம் நடத்தியது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, பெக்கி லீ, ஹாரி பெலஃபான்டே, மெல் டார்மே போன்றவர்கள் கலைஞர் சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்து பாடிக் கொடுத்தார்கள். கடைசியில் என்பிசி இன்னும் மோசமான நேரத்துக்கு மாற்றச் சொன்னபோது கோல் தானே விலகினார். விளம்பர ஏஜென்சிகள் நிறைந்த மேடிசன் அவென்யூவைச் சுட்டி, அந்தத் தெரு இருட்டைக் கண்டு பயப்படுகிறது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். மிச்சமிருக்கும் பதிவுகளைப் பாருங்கள். கோபம் எங்கேயும் தெரியாது, பியானோவில் ஒரு கை, முகத்தில் சிரிப்பு. அது எவ்வளவு கனமான சிரிப்பு என்பது இந்தக் கதை தெரிந்த பிறகு புரியும்.

பெட்டுலா கிளார்க் யாரோ கையைத் தொட்டதுக்குப் பெரிய கலாட்டா ஆச்சாமே?

ஹாரி பெலஃபான்டேயின் கை. 1968 மார்ச்சில் பிரிட்டிஷ் பாடகி கிளார்க்கின் என்பிசி ஸ்பெஷலுக்காக இருவரும் ஒரு போர் எதிர்ப்புப் பாட்டைப் பாடியபோது, கிளார்க் பெலஃபான்டேயின் முழங்கையருகே பிடித்துக்கொண்டார். விளம்பரதாரர் கிரைஸ்லரின் பிளிமத் கார். அதன் பிரதிநிதி, வெள்ளைப் பெண் கறுப்பு ஆணைத் தொடுவதா என்று ஆட்சேபித்து வேறு டேக்கைப் போடச் சொன்னார். கிளார்க் பணியவில்லை. கையைத் தொட்ட அந்த ஒரு டேக்கைத் தவிர மற்றவற்றை அழித்துவிட்டார்கள். ஏப்ரல் 8ல் ஒளிபரப்பானது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நான்கே நாள் ஆகியிருந்தது.

கிளார்க் க்ரூனர் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் கோலுக்கு நடந்ததற்கும் இதற்கும் இடையில் 11 ஆண்டுகளில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

சினாட்ராவுக்கு ராக் அண்ட் ரோல்னாலே ஆகாதே, எல்விஸோட எப்படி சேர்ந்து பாடினார்?

1957ல் ராக் அண்ட் ரோலைக் காட்டுத்தனமானது, அசிங்கமானது என்று சினாட்ரா திட்டியது உண்மை. ஆனால் அவருடைய ஏபிசி தொடர் 1958ல் தோற்று முடிந்திருந்தது. டைமெக்ஸ் ஸ்பெஷல்களுக்கு ஆள் சேர்க்க வேண்டும். எல்விஸ் ராணுவத்திலிருந்து 1960 மார்ச்சில் திரும்பியதும் மியாமி பீச்சின் ஃபான்டன்ப்ளூ ஹோட்டலில் வரவேற்பு விழாவாகவே ஸ்பெஷலைப் பதிவு செய்து, மே 12ல் ஒளிபரப்பினார்கள். சில நிமிடங்கள் வந்துபோன எல்விஸுக்கு 1,25,000 டாலர். டக்ஸீடோ போட்டுக்கொண்டு எல்விஸ் சினாட்ராவின் பாட்டைப் பாட, சினாட்ரா எல்விஸின் பாட்டைப் பாடினார். இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளக்கிறார்கள். பாட்டைவிட அந்தப் பார்வைக்காகப் பார்க்கலாம்.

ஒண்ணே ஒண்ணு பார்க்கணும்னா எதைப் பார்க்கலாம்?

'ஃப்ராங்க் சினாட்ரா: எ மேன் அண்ட் ஹிஸ் மியூசிக்', என்பிசி, 1965 நவம்பர் 24. விருந்தாளி இல்லை, காமெடி இல்லை. 50 வயதை எட்டப்போகும் ஒரு மனிதர், நெல்சன் ரிடில், கார்டன் ஜென்கின்ஸ் இருவரின் ஆர்கெஸ்ட்ரா, ஒரு மைக். எம்மி விருதும் பீபடி விருதும் வாங்கியது. பதிவின்போது அவருக்கு ஜலதோஷம். முதல் முயற்சியை நிறுத்திவிட்டுப் பின்னொரு நாள் எடுத்தார்கள். அந்த நாட்களைக் கூட இருந்து பார்த்த பத்திரிகையாளர் கே டலீஸ் 1966ல் 'எஸ்குவயர்' இதழில் எழுதிய கட்டுரை, இதழியல் மாணவர்கள் இன்றும் படிப்பது.

இரண்டாவது கேட்டால் 1967ல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, பிரேசிலின் அன்டோனியோ கார்லோஸ் ஜோபிம் இருவரோடு சினாட்ரா செய்தது. ஜோபிம் கிடார் வாசிக்க, சினாட்ரா சிகரெட்டோடு உட்கார்ந்து ஏறக்குறைய கிசுகிசுக்கிறார். முதல் கேள்விக்கான பதிலை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடும்.

உதடு அசைக்கிறாங்களா, நிஜமாவே பாடுறாங்களா?

இரண்டும் உண்டு. மைக் கையிலோ ஸ்டாண்டிலோ தெரிந்து, ஆர்கெஸ்ட்ராவும் அதே அரங்கில் இருந்தால் பெரும்பாலும் நிஜம். பனியில் நடந்துகொண்டே பாடினால், பூங்காவில் குழந்தைகளோடு ஆடினால், முன்பே பதிவானது.

கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் மட்டும் ஏன் இத்தனை?

பண்டிகைக் காலம் விற்பனைக் காலம், ஸ்பான்சர் தானே தேடி வருவார். குடும்பம் மொத்தமும் டிவி முன் உட்காரும். க்ராஸ்பிக்கு வேறொரு காரணமும் உண்டு: 1942ல் பதிவு செய்த ஒரே கிறிஸ்துமஸ் பாட்டால் அவர் அந்தப் பண்டிகையின் குரலாகவே ஆகியிருந்தார். 1961ல் லண்டனில் எடுத்ததிலிருந்து கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்கள் அவருக்கு வழக்கமாயின. பின்னாளில் மனைவி கேத்ரினும் பிள்ளைகளும் வருவார்கள். ஆண்டி வில்லியம்ஸும் மனைவி மக்களையும் அண்ணன்மார்களையும் ஆஸ்மண்ட் சகோதரர்களையும் கூட்டிவந்து, வீட்டு வரவேற்பறை போன்ற செட்டில் பாடினார். 1963ல் அவர் பாடி இன்றும் டிசம்பரில் கடைகளில் ஒலிக்கும் பாட்டை எழுதியவர்களில் ஒருவர் ஜார்ஜ் வைல், அவருடைய ஷோவிலேயே பாடகர் குழுவைப் பார்த்துக்கொண்டவர். கோமோ மட்டும் ஊர் ஊராகப் போனார். கடைசியாக 1994ல் டப்ளினில்.

க்ராஸ்பி - டேவிட் போவி டூயட் க்ராஸ்பி செத்த பிறகுதான் வந்துச்சா?

ஆமாம். லண்டன் அருகே 1977 செப்டம்பர் 11ல் பதிவானது. அக்டோபர் 14ல் மாட்ரிட் அருகே கோல்ஃப் ஆடி முடித்தவுடன் க்ராஸ்பி மாரடைப்பால் இறந்தார். சிபிஎஸ் நவம்பர் 30ல் ஒளிபரப்பியது.

கேட்காமலே அடுத்த கேள்விக்கும் பதில்: இரண்டு பாட்டு ஒன்றோடொன்று பின்னி வருவதற்குக் காரணம் பிரிட்டிஷ் ராக் பாடகர் போவியின் அடம். டிரம் அடிக்கும் சிறுவனைப் பற்றிய பழைய பாட்டு தனக்குப் பிடிக்காது, வேறு ஏதாவது கொடுங்கள் என்றார். இயன் ஃப்ரேசர், லாரி கிராஸ்மன், பஸ் கோஹன் மூவரும் அங்கேயே ஒரு பியானோவைத் தேடிப்பிடித்து ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து புது மெட்டு ஒன்றை எழுதினார்கள். க்ராஸ்பி பழையதைப் பாட, போவி அதன்மேல் புதியதைப் பாடுகிறார். முன்னால் வரும் கதவு தட்டும் அரட்டை படு மோசம், பாட்டு அருமை. 1965 சினாட்ரா ஸ்பெஷலை இயக்கிய டுவைட் ஹெமியன்தான் இதற்கும் இயக்குநர்.

அப்புறம் ஏன் எல்லாம் நின்னு போச்சு? இப்போ முழுசாப் பார்க்கவும் கிடைக்கலையே?

1970களில் விளம்பரதாரர்களுக்கு இளைஞர்கள் தேவைப்பட்டார்கள், க்ரூனர்களின் பார்வையாளர்களுக்கோ வயதாகிக்கொண்டிருந்தது. வில்லியம்ஸின் வாராந்திர ஷோ 1971ல் முடிந்தது. மார்ட்டின் 1974க்குப் பின் நண்பர்களைக் கலாய்க்கும் 'ரோஸ்ட்' நிகழ்ச்சிகளுக்கு மாறினார். 1981ல் பாட்டு வீடியோக்களுக்கென்றே எம்டிவி சேனல் வந்ததும் பாட்டைப் பார்க்க வேறு இடம் கிடைத்தது. அறவே ஒழிந்தது என்றும் சொல்ல முடியாது. 2006ல் டோனி பென்னட்டுக்கு என்பிசி ஒரு ஸ்பெஷல் செய்தது, மைக்கேல் புப்ளே 2011லிருந்து சில கிறிஸ்துமஸ்களுக்கு வந்து போயிருக்கிறார்.

கிடைக்காததற்குக் காரணம் உரிமை. ஒரு மணி நேரத்தில் 20 பாட்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் பதிப்பாளரிடம் தனி அனுமதி, விருந்தாளிகளுக்குத் தனிக் கணக்கு. அன்று போட்ட ஒப்பந்தத்தில் டிவிடியும் இல்லை, இணையமும் இல்லை. அதனால்தான் சினாட்ரா, க்ராஸ்பி போன்ற சிலருடையவை ஒழுங்கான டிவிடியாக வந்தும், கோமோவின் வாராந்திர ஷோக்கள் துண்டு துண்டாகவே சுற்றுகின்றன. நியூயார்க்கின் பேலி சென்டரிலும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலும் நிறைய இருக்கிறது, நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டு நிலவறையும் சில சமயம் கைகொடுக்கும்: 1960 பேஸ்பால் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தின் கினஸ்கோப் 2009ல் கிடைத்தது க்ராஸ்பி வீட்டு ஒயின் அறையில். அதில் ஆடிய பிட்ஸ்பர்க் அணியில் பங்கு வைத்திருந்த க்ராஸ்பி, பதற்றம் தாங்காமல் பாரிஸுக்குப் போய்விட்டு, திரும்பி வந்து பார்க்க ஆள் வைத்து எடுத்து வைத்திருந்தார்.